புயல் மேகத்துக்கு முன்னால் பைலட் ஏடிசியிடம் என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி இது: 2025 மே மாதம் டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம் ஆலங்கட்டி மழையில் சிக்கியது, அதற்கு முன்னால் பைலட் ஏடிசியிடம், அதாவது தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளரிடம், விலகிப் போக வழி கேட்டும் கொடுக்கவில்லை என்று செய்தியில் படித்தேன். கண்ணெதிரே புயல் நிற்கும்போது அனுமதி எதற்கு? கீழே உட்கார்ந்திருப்பவருக்கு மேகம் தெரியாதா? மறுத்தால் பைலட் கேட்டுத்தான் ஆக வேண்டுமா?

கடைசியிலிருந்து வருகிறேன். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. விமானத்தின் பாதுகாப்புக்கு வேறு வழியே இல்லை என்றால் விதியை மீறும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு, சர்வதேச விதிப் புத்தகத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த நிலைக்குப் போவதற்கு முன்னால் அவர் வாயிலிருந்து வர வேண்டிய சில சொற்கள் இருக்கின்றன. அந்தச் சொற்கள் வந்ததா, சரியான நேரத்தில் வந்ததா என்பதில்தான் பல விபத்துகளின் கதையே அடங்கியிருக்கிறது. நான் தென்னிந்தியாவில் பல வருடம் ஏடிசியாக ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'மேகம் தெரியாதா' விஷயம். பெரும்பாலும் தெரியாது, அல்லது பைலட்டுக்குத் தெரிவது போலத் தெரியாது. எங்கள் திரையில் முக்கியமாக வருவது விமானம் தானே அனுப்பும் பதில்தான்: ரேடார் ஒரு சிக்னல் அனுப்பும், விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற பெட்டி பதில் சொல்லும், திரையில் ஒரு புள்ளியும் பக்கத்தில் பெயர், உயரம், வேகம் என்று ஒரு சின்னச் சீட்டும் ஒட்டிக்கொண்டு நகரும். மேகத்தில் டிரான்ஸ்பாண்டர் கிடையாது. சில இடங்களில் மழையைக் காட்டும் வசதி திரையிலேயே உண்டு, வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் படத்தைத் தனியாகத் திறந்து வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அந்தப் படம் சில நிமிடம் பழையது, அக்டோபர் மாதத்து சிபி மேகம் அதற்குள் இன்னும் ஐயாயிரம் அடி வளர்ந்திருக்கும். சிபி என்றால் இடி, மின்னல், ஆலங்கட்டி எல்லாம் சேர்ந்த கோபுர மேகம், விமானக்காரர்கள் யாரும் அதன் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

பைலட்டுக்கு மூக்கிலேயே வெதர் ரேடார் இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மழையின் கனத்தைக் காட்டும். அதுவும் முழு உண்மை சொல்லாது. தண்ணீர் நன்றாகத் தெரியும், உலர்ந்த ஆலங்கட்டி அவ்வளவாகத் தெரியாது. கனமான மழை ஒரு சுவர் போல நின்றுவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பது திரையில் கருப்பாக, காலி இடம் போலத் தெரியும். அங்கே ஒன்றுமில்லை என்று நம்பி உள்ளே போனவர்கள் உண்டு. ஆக பைலட்டுக்கு மேகம் தெரியும், சுற்றி இருக்கும் விமானங்களின் திட்டம் தெரியாது, எனக்கு விமானங்கள் தெரியும், அவருக்கு முன்னால் நிற்கும் மேகம் தெரியாது. நடுவில் இருப்பது ஒரு ரேடியோ. அதில் அவர் சொன்னால்தான் எனக்கு உண்டு, சொல்லாதது எனக்கு இல்லவே இல்லை.

அந்த ரேடியோவும் பழைய ஏஎம் வகைதான். ஒருவர் பட்டனை அழுத்திப் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் 'கீ' என்று ஒரு சத்தம், இரண்டும் போச்சு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். சாதாரண நாளில் விமானங்கள் ரோட்டில் பஸ் போவது போல ஒரே தடத்தில் வரிசையாக வரும். சிபி குறுக்கே நின்றால் அந்த வரிசை கலைந்துவிடும், ஒருவர் 'ரிக்வெஸ்ட் டென் மைல்ஸ் லெஃப்ட், டியூ வெதர்' என்பார், அடுத்தவருக்கு வலது வேண்டும், மூன்றாமவர் மேலே ஏற வேண்டும் என்பார், நான்காமவர் 'நாங்கள் இப்போதே திரும்பியாக வேண்டும்' என்பார், இதற்கு நடுவில் புறப்பட்டு வருகிற ஒருவர் இதே இடத்தில் எதிரே ஏறிக்கொண்டிருப்பார். கேட்டவருக்கு 'அப்ரூவ்ட், ரிப்போர்ட் கிளியர் ஆஃப் வெதர்' என்று சொல்ல இரண்டு நொடி போதும். சொல்லலாமா என்று கணக்குப் போடத்தான் நேரம் பிடிக்கும்: அந்தப் பத்து மைலில் வேறு யாராவது வருகிறார்களா, ராணுவத்தின் பகுதி ஏதாவது இருக்கிறதா, பக்கத்துக் கட்டுப்பாட்டு மையத்துக்கு ஃபோன் போட வேண்டுமா. அதற்குள் நாலு பேர் கூப்பிட்டிருப்பார்கள்.

இரண்டு குரல் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு டெனெரிஃப் போதும். 27 மார்ச் 1977, ஸ்பெயினின் அந்தத் தீவு விமான நிலையத்தில் ஓடுபாதை முழுக்க மூடுபனி, ஒரே பாதையில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு ஜம்போ விமானங்கள், டவரிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கேஎல்எம் பைலட் 'நாங்கள் இப்போது டேக் ஆஃபில்' என்கிற மாதிரி ஒரு குழப்பமான வாக்கியம் சொன்னார். டவர் 'ஓகே' என்று ஆரம்பித்து, 'காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்று முடித்தது, அதே நொடியில் பான் ஆம் 'நாங்கள் இன்னும் பாதையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்' என்றது. கேஎல்எம் காதில் தெளிவாக விழுந்தது அந்த 'ஓகே' மட்டும்தான். 583 பேர். அதற்குப் பிறகுதான் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எங்கும் சொல்லக் கூடாது, மற்ற இடத்தில் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் உலகம் முழுக்க வந்தது.

சரி, உங்கள் ஸ்ரீநகர் விமானம். 2025 மே 21, ஏ321 ரகம், 220க்கும் மேற்பட்ட ஆட்கள், 36,000 அடியில் பதான்கோட் பக்கம். பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு ஏப்ரல் கடைசி வாரத்தில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது, பதிலுக்கு இந்தியாவும் மூடியது. எதிரே மேகம், இடது பக்கம் சர்வதேச எல்லை. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ வெளியிட்ட விவரத்தின்படி பைலட்டுகள் முதலில் விமானப்படையின் நார்தர்ன் கண்ட்ரோலிடம் இடது பக்கம் விலகக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. லாகூரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அதுவும் இல்லை. திரும்பிப் போகப் பார்த்தார்கள், அதற்குள் மேகத்துக்கு மிக அருகில் வந்துவிட்டதால் உள்ளே புகுந்து குறுக்கு வழியில் வெளியே வந்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். உள்ளே ஆலங்கட்டி. ஆட்டோபைலட் கழன்றுகொண்டது, வேகத்தைக் காட்டும் அளவுகளை நம்ப முடியவில்லை, வேகம் அதிகம் என்றும், ஸ்டால் (இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாத நிலை) என்றும் மாறி மாறி எச்சரிக்கை. ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8,500 அடி என்ற கணக்கில் இறங்கியது. தொட்டபெட்டா உச்சியிலிருந்து கடல் மட்டத்துக்கு ஒரு நிமிடத்தில் வந்து சேர்வது போல. ஸ்ரீநகரைக் கூப்பிட்டு 'பான் பான்' (அவசரம், உதவி வேண்டும் என்பதற்கான சொல்) சொல்லி, ரேடாரில் வழிகாட்டச் சொல்லி, யாருக்கும் காயமில்லாமல் இறக்கினார்கள். இறங்கிய பிறகு பார்த்தால் மூக்கு உடைந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பைலட்டுகளுக்கு மார்க் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. ஏடிசிக்கும் தன் கையில் இல்லாத வான்வெளியை எடுத்துக் கொடுக்க முடியாது. பூட்டிய வீட்டுக்குச் சாவி கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்?

ஆனால் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும், இதுதான் நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். 'ரிக்வெஸ்ட்' என்று கேட்டால் அது ஒரு விண்ணப்பம். நான் வரிசையில் வைப்பேன், முடிந்தால் கொடுப்பேன், முடியாவிட்டால் 'ஸ்டாண்ட்பை' என்பேன், சில நேரம் மறந்தும் போவேன். 'வெதர் டீவியேஷன் ரிக்வயர்டு' என்று சொன்னால் அது வேறு: இவர் முந்துகிறார், உடனே பதில் சொல்ல வேண்டும் என்று அந்தச் சொல்லுக்கே ஓர் அர்த்தம் வகுத்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் 'பான் பான்' மூன்று முறை. அதற்கும் மேல் 'மேடே', உயிருக்கே ஆபத்து என்று பொருள். நான் ஒரு திசை கொடுக்கிறேன், அந்தத் திசையில் அவருக்குச் சிவப்பு தெரிகிறது என்றால் 'அனேபிள்', அதாவது 'முடியாது', என்ற ஒரே சொல் போதும், சண்டை வேண்டாம், விளக்கம் வேண்டாம். 'அனேபிள்' கேட்டு நான் கோபப்பட்டதில்லை என்று சொன்னால் பொய், முதல் ஒரு நொடி எரிச்சல் வரும். அடுத்த நொடியே வேறு வழி தேட ஆரம்பித்துவிடுவோம், அதற்குத்தானே சம்பளம்.

வங்காள விரிகுடாவுக்கு நடுவில் கதை இன்னும் வேறு. அங்கே கரையின் ரேடார் எட்டாது, சாதாரண விஎச்எஃப் ரேடியோவும் எட்டாது, இடி இடித்தால் கரகரவென்று கொதிக்கும் எச்எஃப் ரேடியோவோ செயற்கைக்கோள் வழி எழுத்துச் செய்தியோதான் துணை. அனுமதி வருவதற்குள் மேகம் வந்துவிடும். அதற்கென்றே முறை இருக்கிறது: பதில் கிடைக்காவிட்டால் விலகலாம், தன் இடத்தையும் எண்ணத்தையும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி 121.5 என்ற அவசர அலைவரிசையிலும் சொல்லிக்கொண்டே போக வேண்டும், எல்லா விளக்கையும் போட வேண்டும், பாதையை விட்டு ஐந்து மைலுக்கு மேல் போவதாக இருந்தால் உயரத்தை 300 அடி மாற்றிக்கொள்ள வேண்டும், வடக்கே விலகினால் இறங்கு, தெற்கே விலகினால் ஏறு. எதிரே வருபவரும் அதே மேகத்துக்குப் பயந்து விலகுவார் இல்லையா, அவரும் நீங்களும் ஒரே உயரத்தில் சந்திக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

இனி அவியான்கா 52. ஏடிசி பயிற்சியில் இதைச் சொல்லாத ஆசிரியர் இருக்க மாட்டார், எனக்கும் சொன்னார்கள், எத்தனை முறை கேட்டாலும் வயிற்றைப் பிசையும். 25 ஜனவரி 1990. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கேவுக்கு வந்த போயிங் 707, 158 பேர். நியூயார்க்கில் வானிலை மோசம், வரிசை நீளம். வழியில் மூன்று இடத்தில் வட்டமடிக்க வைத்தார்கள், மொத்தம் 1 மணி 17 நிமிடம். மூன்றாவது வட்டத்தில் இன்னும் நேரமாகும் என்று சொன்னபோது துணை பைலட் 'எங்களுக்கு பிரையாரிட்டி வேண்டும் என்று நினைக்கிறேன்' என்றார். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டார்கள், ஐந்து நிமிடம் என்றார். மாற்று விமான நிலையம் எது? பாஸ்டனாக இருந்தது, இப்போது அங்கே போக முடியாது, எரிபொருள் தீர்ந்துவிடும் என்றார்.

இதை வாசிக்கும் உங்களுக்கு மயிர் சிலிர்க்கும், ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் இருந்தவருக்கு அது வேறு மாதிரி ஒலித்தது. அன்று இரவு வரிசையில் நின்ற எல்லோருக்கும் எரிபொருள் குறைவுதான். 'ஐந்து நிமிடம்தான் வட்டமடிக்க முடியும்' என்ற பாதி அடுத்த கட்டுப்பாட்டாளருக்குப் போய்ச் சேர்ந்தது. பாஸ்டன் முடியாது என்ற பாதி போய்ச் சேரவில்லை. ஒரு ஃப்ரீக்வென்சியிலிருந்து இன்னொன்றுக்கு விமானத்தைக் கைமாற்றும்போது பெயரும் உயரமும் தானாகப் போகும், கவலை தானாகப் போகாது, அதை ஒவ்வொரு புது ஆளிடமும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

முதல் முயற்சியில் காற்று புரட்டியது, ஓடுபாதை கண்ணில் படவில்லை, மேலே ஏறினார்கள். கேப்டன் துணை பைலட்டிடம் 'எமர்ஜென்சி என்று சொல்' என்றார். துணை பைலட் ரேடியோவில் சொன்னது: திசை 180க்குச் சரி, இன்னொரு முறை முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. திசை முன்னால், எரிபொருள் வால் போல. கேப்டன் மறுபடி 'சொன்னாயா?' என்று கேட்டார். 'சொல்லிவிட்டேன் சார்' என்றார். 'எமர்ஜென்சி' என்ற சொல் அந்த விமானத்திலிருந்து ரேடியோவில் வரவே இல்லை. பிறகு கட்டுப்பாட்டாளர் பதினைந்து மைல் வடகிழக்கே கொண்டுபோய்த் திருப்பி விடுகிறேன், உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் சரிதானா என்று கேட்டார். கேட்டார் பாருங்கள், அவர் கேட்டார். பதில்: 'ஐ கெஸ் சோ, தேங்க் யூ வெரி மச்.'

சில நிமிடத்தில் என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. 'இரண்டு என்ஜின் போய்விட்டது, பிரையாரிட்டி வேண்டும், ப்ளீஸ்.' அப்போதும் பிரையாரிட்டிதான், அப்போதும் ப்ளீஸ்தான். லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற இடத்தில் மலைச்சரிவில் விழுந்தது, 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை. எரிய எதுவும் மிச்சமில்லை.

ஸ்பானிஷ் பேசுபவருக்கு 'பிரையாரிட்டி' என்பது நாம் நினைப்பதைவிடக் கனமான சொல் என்று பிற்பாடு பலரும் சுட்டிக்காட்டினார்கள். இருக்கலாம். என் பார்வையில் அதைவிடப் பெரிய சிக்கல் மரியாதை. ஊரில் பெரியவர் வீட்டுக்குக் கடன் கேட்கப் போனால் பேச்சை மழை, விவசாயம் என்று ஆரம்பித்து, வாசல் வரை வந்து செருப்பை மாட்டும்போது 'அப்புறம், ஒரு சின்ன விஷயம்' என்று இழுப்போமே, அந்தச் சுபாவம். அந்த இளைஞர் கேட்டது அப்படித்தான் இருக்கிறது. நியூயார்க் கட்டுப்பாட்டாளர்கள் படபடவென்று அதட்டிப் பேசுபவர்கள் என்று பெயரெடுத்தவர்கள், அந்தக் குரலுக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு இளைஞர் தன் ஆங்கிலத்தோடு. கேப்டனும் ஒரு தடவை மைக்கைத் தானே பிடுங்கியிருக்கலாம்.

எரிபொருள் பற்றிய சொற்களைச் சர்வதேச விதியில் ஒழுங்குபடுத்த 2012 வரை ஆனது. இப்போது 'மினிமம் ஃபியூயல்' என்றால், ஒரு இடத்தில் இறங்குவது என்று முடிவாகிவிட்டது, இனி தாமதம் கொடுத்தால் கடைசி இருப்பில் கைவைப்பேன் என்று பொருள். அது அவசர நிலை இல்லை, முன்னெச்சரிக்கை. கடைசி இருப்பைத் தொடாமல் இறங்க முடியாது என்று கணக்கில் தெரிந்த உடனே 'மேடே மேடே மேடே ஃபியூயல்'. இடையில் 'கொஞ்சம் டைட்டாக இருக்கிறது', 'முடிந்தால் சீக்கிரம்' என்பதற்கெல்லாம் இடமில்லை. 2019 ஜூலையில் மும்பையிலிருந்து டெல்லி வந்த விஸ்தாரா விமானம் வானிலையால் லக்னோவுக்குத் திரும்பி, அங்கேயும் பார்வைத்திறன் குறைந்து திண்டாடியபோது அந்த 'ஃபியூயல் மேடே'யைச் சொல்லித்தான் லக்னோவிலேயே இறங்கியது. விமர்சிக்க அதில் ஆயிரம் இருக்கலாம், ஆனால் சொல் வந்தது, எல்லோரும் வழிவிட்டார்கள்.

தரையிறங்கும் நேரத்தில் இன்னொரு வகைப் பேச்சு உண்டு: நமக்காக இல்லை, பின்னால் வருபவருக்காக. 2 ஆகஸ்ட் 1985, அமெரிக்காவின் டாலஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையம், இறங்க வந்த டெல்டா 191 விமானம். ஓடுபாதைக்கு முன்னால் ஒரு மேகம். துணை பைலட் 'அதிலிருந்து மின்னல் வருகிறது' என்றார். எங்கே என்று கேப்டன் கேட்டார். 'நேர் எதிரே.' இந்தப் பேச்சு காக்பிட்டுக்குள் நடந்தது, டவருக்குப் போகவில்லை. முன்னால் இறங்கிய சிறு ஜெட்டும் அதே மழைக்குள் புகுந்து வந்திருந்தது, அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. மேகத்துக்குள் இருந்தது மைக்ரோபர்ஸ்ட்: வானத்திலிருந்து காற்று மொத்தமாகக் கொட்டித் தரையில் பட்டு நாலாபுறமும் தெறிக்கும், விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கிடைத்து வேகம் கூடுவது போல இருக்கும், அப்புறம் கீழே அமுக்கும், அப்புறம் பின்காற்று வந்து இருந்த வேகத்தையும் பிடுங்கிக்கொள்ளும். 137 பேர் போனார்கள்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாளில் சென்னையில் ஒரு விமானம் தரையைத் தொடும் தறுவாயில் சாய்ந்து, மறுபடி மேலே ஏறிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பயந்து போய் எனக்கு அனுப்பியவர்கள் பலர். எனக்கு அதில் தெரிந்தது, செய்ய வேண்டியதைச் செய்த ஒரு பைலட். இறங்கப் பிடிக்கவில்லையா, 'கோயிங் அரவுண்ட்', இரண்டு சொல், அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. முதலில் விமானத்தை ஏற்றிவிட்டு அப்புறம் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு மறக்காத ஒரு இரவு உண்டு. ஐப்பசி மழை, ஓடுபாதையின் மறுமுனை விளக்குகள் டவர் கண்ணாடியில் கரைந்து வழிகின்றன, காற்றுமானியில் பெரிதாக ஒன்றுமில்லை. ஏடிஆர் என்ற சிறிய புரொபெல்லர் விமானம் ஒன்று இறங்கியது. ஓடுபாதையை விட்டு வெளியே வந்ததும் அந்தக் கேப்டன், வயதான குரல், யாரும் கேட்காமலே சொன்னார்: ஓடுபாதைக்கு இரண்டு மைல் இருக்கும்போது வேகத்தில் பதினைந்து நாட் காணாமல் போச்சு, பின்னால் வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், அவர் சொன்ன எண்ணோடு, அவர் சொன்ன இடத்தோடு. பின்னால் வந்தவர் நாலு மைலில் இருந்தார். ஒரு நொடி மௌனம், ரேடியோவில் மழைச் சத்தம் மட்டும். அப்புறம் 'கோயிங் அரவுண்ட்' என்றார். இருபது நிமிடம் கடல் பக்கம் சுற்றிவிட்டு, மேகம் நகர்ந்த பிறகு வந்து இறங்கினார். நான் அந்த இரண்டு விமானங்களின் விவரம் எழுதிய சீட்டுகளையும் (ஸ்ட்ரிப்) எடுத்து வைத்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தேன்.